கணினித் தமிழும் கூட்டுழைப்பும்: ஒரு வணிகன் பார்வையில்

சித்தூருக்கும் எழுத்துக்கும் பழைய உறவு உண்டு. மலையாள மொழியின் தந்தை என்று போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் தம் கடைசிக் காலத்தைக் கழித்ததாகச் சொல்லப்படும் குருமடம், சோகநாசினி ஆற்றங்கரையில் நம் சித்தூரில்தான் இருக்கிறது. அதே சித்தூரில் 1947-ல் தொடங்கிய அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறையும் நடக்கிறது. ஊருக்குள் மலையாளம், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் போனால் தமிழ். கடையில் நின்றால் இரண்டும் கலந்துதான் காதில் விழும்.

இப்படி இரண்டு எழுத்துகளுக்கு நடுவே வாழும் நம் குடும்பங்களில் ஒரு தலைமுறையாகப் புதுத்தொழில் ஒன்று புகுந்திருக்கிறது. அதுதான் மென்பொருள். பிள்ளைகள் கோயமுத்தூரிலும் பெங்களூரிலும் கொச்சியிலும் வேலை பார்க்கிறார்கள். "என்ன வேலைப்பா?" என்று கேட்டால், "பெரிய டீம்ல இருக்கேன் மாமா" என்கிறார்கள். வேலையைக் கேட்டா டீமைச் சொல்றாங்களே என்று நம்மைப் போன்ற பெரியவர்கள் விழிக்கிறோம். அவர்கள் சொல்வதில் தப்பில்லை. அந்தத் தொழிலில் பாதி, கணினியோடு செய்வது. மீதிப் பாதி, மற்ற மனிதர்களோடு செய்வது.

அந்த இரண்டாம் பாதி என்னவென்று புரிந்துகொள்ள அமெரிக்கக் கம்பெனிக் கதை எதுவும் நமக்கு வேண்டாம். தமிழ் எழுத்து கணினியில் ஏறிய வரலாறே போதும். அந்த வரலாற்றை நான் படித்துத் தெரிந்துகொண்ட வரையில், கூட்டுழைப்பு என்பது எல்லாரும் ஒரே கருத்தாக இருப்பதல்ல. பொது அளவு ஒன்றுக்காக அவரவர் சொந்த அளவை விட்டுக்கொடுப்பதுதான் கூட்டுழைப்பு. இதையே இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன்.

ஆளுக்கொரு படி

அந்தக் காலத்துச் சித்தூர், கொச்சி சமஸ்தானத்தின் ஒரு தாலுகா. சுற்றிலும் இருந்ததோ பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட பகுதி. நெல்லை இங்கே பறையாலும் இடங்கழியாலும் அளந்தார்கள். பொள்ளாச்சிச் சந்தைக்குப் போனால் வள்ளமும் படியும். பறை என்று பெயர் ஒன்றாக இருந்தாலும் ஊருக்கு ஊர் அதன் கொள்ளளவு வேறு. "விலையைக் கேக்கறதுக்கு முந்தி படியைக் கேளு" என்பார் என் தகப்பனார். 1956-ல் எடை, அளவுகளுக்கான தரச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் நயா பைசா வந்தது. அதற்கப்புறம் படிப்படியாகக் கிலோவும் லிட்டரும் வந்தன. முணுமுணுக்காத வியாபாரி இல்லை. ஆனால் அளவு பொதுவான பிறகுதான் அளவைப் பற்றிய சண்டை ஓய்ந்து, சரக்கைப் பற்றிப் பேச நேரம் கிடைத்தது.

1990களின் நடுவில் கணினித் தமிழ் இருந்த நிலை, அந்தப் பழைய சந்தையின் நிலைதான். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-லேயே முரசு மென்பொருளைத் தொடங்கிவிட்டார். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். சிங்கப்பூரில் எழுத்தாளரும் கல்வியாளருமான நா. கோவிந்தசாமி 'கணியன்' முறையை உருவாக்கினார். சென்னையில் அச்சகத்துக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் வேறு வேறு எழுத்துருக்களை வைத்திருந்தார்கள். எல்லாரும் கெட்டிக்காரர்கள், எல்லாரும் தமிழ்ப்பற்றுள்ளவர்கள். ஆனால் ஆளுக்கொரு படி.

கணினிக்கு எழுத்து தெரியாது; எண் மட்டும்தான் தெரியும். 'அ' என்ற எழுத்துக்கு ஒருவர் ஓர் எண்ணைக் கொடுத்திருப்பார், இன்னொருவர் அதே எண்ணை 'ஞ'வுக்குக் கொடுத்திருப்பார். ஓர் எழுத்துருவில் அடித்த கடிதத்தை இன்னோர் எழுத்துருவில் திறந்தால் குப்பையாகத் தெரியும். அந்நாளில் சங்க மலர் தயாரித்த அன்பர்களுக்கு இது நன்றாகவே தெரியும். கட்டுரையோடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அரிசி விற்கும்போது படியையும் கட்டிக் கொடுத்தனுப்புவது மாதிரி.

128 அறைகள்

இந்தச் சிக்கலைத் தீர்க்க அரசு ஆணையிடும் முன்பே, பல நாடுகளில் இருந்த தமிழர்கள் தாங்களாகவே சேர்ந்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட் மூலம் மின்னஞ்சல் வழியாகவே கலந்து பேசினார்கள். அப்படி 1990களின் கடைசியில் உருவானதுதான் 'திஸ்கி' என்ற பொதுத் தரம்.

அவர்கள் முன்னால் இருந்த கணக்கு இதுதான். அன்றைய கணினி முறையில் ஓர் எழுத்துருவுக்கு 256 அறைகள். முதல் 128 ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. மீதி 128. தமிழிலோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. அதற்குமேல் ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ போன்ற கிரந்த எழுத்துகள் வேறு. 247-ஐ 128-ல் எப்படி அடைப்பது?

பழைய அச்சகத்தில் அச்சுக்கோப்பவர் என்ன செய்தாரோ அதையே செய்தார்கள். 'கொ' என்பதற்குத் தனி அச்சு வேண்டாம். ஒரு கொம்பு, ஒரு 'க', ஒரு கால் போதும். கு, கூ வரிசை மாதிரி ஒட்டிப் பிறந்த வடிவங்களுக்கு மட்டும் தனி அறை. எதற்குத் தனி அறை, எதைச் சேர்த்து எழுதலாம், எந்த அறையைத் தொட்டால் எந்த நாட்டுக் கணினி தகராறு செய்யும் என்று ஒவ்வோர் எழுத்துக்கும் விவாதம் நடந்தது. ஒரு வரைவு, அதற்கு மறுப்பு, அடுத்த வரைவு என்று பதிப்பு எண்கள் ஏறிக்கொண்டே போயின. தன் எழுத்துரு ஏற்கெனவே பரவலாக இருந்தபோதும் கல்யாணசுந்தரம் இதில் சேர்ந்தார். சொந்த மென்பொருளை வைத்திருந்த முத்து நெடுமாறனும் சேர்ந்தார். நன்றாக ஓடுகிற தன் படியை ஓரமாக வைத்துவிட்டுப் பொதுப்படியை எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று கடைக்காரனுக்குத்தான் தெரியும்.

மாநாடுகளும் இதற்குக் கைகொடுத்தன. 1997-ல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியில் முதல் தமிழ் இணைய மாநாடு கூடியது. தமிழரல்லாத சிங்கப்பூர்ப் பேராசிரியர் டான் டின் வீ, தமிழை இணையத்தில் ஏற்றும் பணியில் அவரோடு தோளோடு தோள் நின்றார் என்பது குறிப்பிடத்தக்கது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நாடு அரசு நடத்திய மாநாட்டில் பேராசிரியர் மு. ஆனந்தகிருஷ்ணன் முன்னின்று உழைத்தார். 'தமிழ்99' விசைப்பலகையும் 'டாம்', 'டாப்' என்ற அரசுத் தரங்களும் அதன் விளைவாக வந்தன. அதே 1999-ல் கோவிந்தசாமி மறைந்தார். ஆனாலும் வேலை நிற்கவில்லை. ஒருவர் போனாலும் வேலை நிற்காமல் இருப்பதுதான் குழுவுக்கு அடையாளம். 2000-ல் 'உத்தமம்' என்ற உலக அமைப்பு உருவாகி, மாநாடுகள் கோலாலம்பூர், கலிபோர்னியா, கொலோன் என்று ஊர் ஊராகத் தொடர்ந்தன.

ஆள் கூடினால் வேலை குறையுமா?

களத்துமேட்டில் நெல் தூற்ற ஐந்து பேருக்குப் பதில் பத்துப் பேர் வந்தால் பாதி நேரத்தில் முடியும். மென்பொருளில் அப்படியில்லை. ஐபிஎம் கம்பெனியில் 1960களில் ஒரு மாபெரும் மென்பொருள் வேலையை நடத்திய பிரெட் புரூக்ஸ், 1975-ல் எழுதிய நூலில் இதைத் தெளிவாக்கினார். தாமதமாகிவிட்ட வேலையில் புது ஆட்களைச் சேர்த்தால் தாமதம் கூடுமே தவிரக் குறையாது என்பது அவர் கண்டது. காரணம் எளிய பெருக்கல்தான். இரண்டு பேர் இருந்தால் பேச்சுவழி ஒன்று. ஐந்து பேர் என்றால் 10. பத்துப் பேர் என்றால் 45. ஐம்பது பேர் என்றால் 1,225. கூட்டுக்குடும்பத்தில் இருந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆகவே கூட்டுழைப்பின் நுட்பம் ஆள் சேர்ப்பதில் இல்லை. வேலையைப் பிரிப்பதில் இருக்கிறது. ஒருவர் வேலை செய்ய இன்னொருவரிடம் நூறு தடவை கேட்க வேண்டிய அவசியம் வராதபடி பிரிக்க வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம் மதுரைத் திட்டம். 1998 பொங்கல் நாளில் கல்யாணசுந்தரம் தொடங்கிய இத்திட்டத்தில் அமெரிக்காவிலிருந்து குமார் மல்லிகார்ஜுனன் துணைநின்றார். 1971-ல் மைக்கேல் ஹார்ட் ஆங்கில நூல்களுக்காகத் தொடங்கிய குட்டன்பர்க் திட்டம் போலத் தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து உலகத்துக்கு இலவசமாகக் கொடுப்பது நோக்கம். முறை மிக எளிது. ஒருவர் ஒரு நூலைத் தட்டச்சு செய்வார். இன்னொருவர் பிழை பார்ப்பார். மூன்றாமவர் வலையேற்றுவார். ஒருவர் கனடா, ஒருவர் சென்னை, ஒருவர் யாழ்ப்பாணம் என்று எங்கிருந்தாலும் பரவாயில்லை; முகம் பார்க்க வேண்டியதே இல்லை. சம்பளமும் இல்லை. செய்தவர் பெயர் மட்டும் நூலின் தலைப்பில் நன்றியோடு நிற்கும். சங்க நூல்கள் முதல் இக்கால நூல்கள் வரை நூற்றுக்கணக்கில் அப்படி ஏறியுள்ளன.

இது நமக்குப் புதுசும் அல்ல. உ.வே. சாமிநாதையர் 1880-ல் கும்பகோணம் கல்லூரிக்கு வந்தபோது சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் படிக்கத் தூண்டினார். நூலில் வரும் சமணக் கருத்துகள் பிடிபடாமல் தவித்த ஐயர், கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய்க் கேட்டுத் தெளிந்தார். சைவ மரபில் வந்த புலவர், சமணத் துறவி பாடிய நூலை, சமணக் குடும்பங்களின் விளக்கத்தோடு, பல ஊர் ஏடுகளை ஒப்பிட்டு 1887-ல் பதிப்பித்தார். எங்கள் சமண வீடுகளில் நூலைப் படியெடுத்துக் கொடுப்பதைச் சாஸ்திர தானம் என்பார்கள். அன்று ஏட்டில் நடந்தது இன்று கணினியில் நடக்கிறது.

நாள்வழியும் பேரேடும்

பல பேர் ஒரே மென்பொருளில் கைவைத்தால் யார் என்ன மாற்றினார் என்று எப்படித் தெரியும்? இதற்கு வழிசெய்தவர் லினக்ஸ் தந்த லினஸ் டோர்வால்ட்ஸ். 1991-ல் அவர் தொடங்கிய லினக்ஸில் உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் கைவைத்தார்கள். அந்தக் கூட்டத்தைச் சமாளிக்க 2005-ல் அவரே 'கிட்' என்ற கருவியை எழுதினார். இன்று மென்பொருள் வேலையில் இருக்கும் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் தினமும் தொடுவது இதைத்தான்.

இதைப் பற்றிப் படித்தபோது, "அட, இது நம்ம நாள்வழிதானே" என்று தோன்றியது. நம் கடைக் கணக்கில் நாள்வழி என்றும் பேரேடு என்றும் இரண்டு உண்டு. அன்றாடம் நடந்ததை நடந்தபடி நாள்வழியில் எழுத வேண்டும். சரிபார்த்துப் பேரேட்டில் ஏற்ற வேண்டும். கிட்டிலும் ஒவ்வொருவரும் தன் மாற்றத்தைத் தன் கிளையில், பெயர், நாள், காரணத்தோடு பதிகிறார். இன்னொருவர் பார்த்துச் சரி என்ற பிறகே பொது மூலத்தில் அது சேர்கிறது. இன்னும் ஒரு ஒற்றுமை உண்டு. நாள்வழியில் தப்பு நேர்ந்தால் சுரண்டி அழிக்கக்கூடாது. எதிர்ப்பதிவு போட்டு நேர்செய்ய வேண்டும். கிட்டிலும் பொதுவில் ஏறிவிட்ட பதிவை அழிக்காமல், அதை நேர்செய்யும் புதுப்பதிவைப் போடுவதுதான் முறை. தப்பும் தெரியும், திருத்தமும் தெரியும். சேர்ந்து தொழில் செய்கிறவர்களுக்குள் நம்பிக்கை இப்படித்தான் நிற்கும்.

கட்டற்ற மென்பொருள் வழியே தமிழுக்கும் பலர் உழைத்தார்கள். லினக்ஸின் திரைச்சொற்களைத் தன்னார்வலர்கள் தமிழாக்கினார்கள். அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர்தம்பி 'தேனீ' எழுத்துருவைச் செய்து காசு வாங்காமல் கொடுத்துவிட்டு 2006-ல் மறைந்தார். 'எ-கலப்பை' என்ற தட்டச்சுக் கருவியும் இலவசமாகவே வந்தது. 2003-ல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்து ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலான துயரத்தை அறிந்த ஈழத்தமிழர்கள், 2005-ல் 'நூலகம்' என்ற மின்னூலகத்தைத் தொடங்கினார்கள். ஓர் இடத்தில் மட்டும் இருந்தால் எரித்துவிடலாம். ஆயிரம் இடத்தில் இருந்தால் யாரால் எரிக்க முடியும்?

விட்டுக்கொடுத்த கதை

இனிமேல்தான் முக்கியமான கட்டம். திஸ்கியும் டாம், டாப்பும் வந்தபின், தரம் இரண்டானது. அதே நேரத்தில் உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான யூனிகோடு வளர்ந்துகொண்டிருந்தது. 1991-லேயே அதில் தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். விண்டோஸ் 2000 முதல் அது தமிழர் கணினிகளிலும் புகுந்தது.

யூனிகோடின் வழி வேறு. திஸ்கி, கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கொம்பு, க, கால் என்று வைத்தது. யூனிகோடோ முதலில் 'க', அடுத்து ஒகரக் குறி என்று ஒலிக்கும் வரிசையில் வைத்தது. அதோடு இந்திய மொழிகளுக்கெல்லாம் ஒரே வார்ப்பில் இடம் ஒதுக்கியதால் தமிழின் 247-க்கும் தனித்தனி எண் கிடைக்கவில்லை. இது தமிழுக்கு அநீதி என்று பலர் வாதாடினார்கள். அதில் நியாயமும் இருந்தது. எல்லா எழுத்துக்கும் தனி எண் தரும் 'டேஸ்16' என்ற மாற்று முறையையும் வல்லுநர்கள் உருவாக்கினார்கள். கடைசியில் 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயத்தில் தமிழ்நாடு அரசு யூனிகோடைப் பொதுத் தரமாகவும், அது செல்லாத இடங்களுக்கு டேஸ்16-ஐயும் ஏற்று ஆணையிட்டது.

இங்கே நான் வியப்பது இதுதான். திஸ்கிக்காக இரவு பகல் உழைத்தவர்கள், "எங்கள் பிள்ளையைக் கொல்லாதே" என்று வழிமறித்து நிற்கவில்லை. மதுரைத் திட்டம் திஸ்கியில் வெளியிட்ட நூல்களை யூனிகோடிலும் கொடுத்தது. மாற்றிக் கொடுக்கும் செயலிகளை எழுதிப் பொதுவில் வைத்தார்கள். திஸ்கி வழக்கொழிந்ததால் அது தோற்றது என்று சொல்ல முடியாது. ஆற்றைக் கடந்தபின் தோணியைத் தலையில் சுமக்காமல் கரையில் விட்டுப் போனார்கள், அவ்வளவுதான். கடக்க உதவியது அந்தத் தோணி.

பக்கத்து வீட்டு மலையாளத்திலும் இதே கதைதான். தட்டச்சுப் பொறிக்காக 1971-ல் கேரள அரசு எழுத்தைச் சீர்திருத்தியது. கணினி வந்தபின், பழைய கூட்டெழுத்துகளை மீட்க 1999-ல் 'ரச்சனா' இயக்கம் எழுந்தது. 2002-ல் இளைஞர்கள் சிலர் 'சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்' என்ற கட்டற்ற மென்பொருள் குழுவைத் தொடங்கினார்கள். 'சில்லு' எழுத்துகளுக்குத் தனி எண் வேண்டுமா வேண்டாமா என்று அங்கே பெரும் வாதம். 2008-ல் யூனிகோடு தனி எண் கொடுத்தபோது அந்தக் குழுவுக்கு அது உடன்பாடில்லை. ஆனாலும் மலையாளத்துக்கு எழுத்துருவும் கருவியும் செய்வதை அவர்கள் நிறுத்தவில்லை. கருத்தில் தோற்றாலும் வேலையை விடாதவர்களால்தான் பொதுக்காரியம் நடக்கிறது.

நமக்கு இதில் என்ன?

தமிழ்நாட்டுக்கு வெளியே இருக்கும் நமக்கு இது வெறும் தொழில்நுட்பக் கதையில்லை. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், இங்குள்ள தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியிலேயே கடிதம் எழுத உரிமை தந்திருக்கிறது. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் தமிழ் வழியில் படிக்கும் குழந்தைகளுக்குப் பாடநூல் தமிழில் வருகிறது. அலுவலகம் முழுக்கக் கணினிக்கு மாறிய காலத்தில் தமிழ் கணினியில் ஏறாமல் போயிருந்தால், அந்த உரிமை காகிதத்தில் மட்டும் இருந்திருக்கும். நம் மனு போய்ச் சேரும் மேசையில் அது கட்டம் கட்டமாகத் தெரிந்திருக்கும்.

இன்னொரு செய்தி வியாபாரக் குடும்பங்களுக்கு இனிக்கும். நம் பழைய கணக்கேடுகளில் இருக்கும் முந்திரி முதலான பின்னக் குறிகள், உழக்கு, ஆழாக்கு, குறுணி, பதக்கு போன்ற அளவைக் குறிகள், பணம், பொன், வராகன், நன்செய், புன்செய்க் குறிகள் எல்லாம் கணினியில் இடமில்லாமல் கிடந்தன. ஸ்ரீரமண சர்மாவின் முன்மொழிவில் தொடங்கி, பல அறிஞர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்து, திருத்தி, 2019 மார்ச்சில் யூனிகோடின் 12-ஆம் பதிப்பில் இவற்றில் 51 குறிகள் இடம்பெற்றன. ஒன்றை முந்நூற்று இருபதாகப் பிரித்த முந்திரிக்கும் இன்று உலகப் பொது எண் ஒன்று உண்டு. படி வழக்கொழிந்தாலும் படியின் குறி பிழைத்தது.

ஆனால் குறிக்கு இடம் கிடைத்தால் போதாது; அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். அந்தக் கணக்கேடுகள் நம் வீட்டுப் பரண்களில் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. படிக்கத் தெரிந்த பெரியவர்களோ ஒவ்வொருவராகக் குறைந்துவருகிறார்கள். பெரியவருக்குக் கணினி தெரியாது, பிள்ளைக்குக் குறி தெரியாது. இருவரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால்தான் காரியம் ஆகும்.

ஆகவே நம் சங்கத்துக்கு என் வேண்டுகோள் மூன்று. ஒன்று, 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பழைய எழுத்துருக்களில் அடித்த மலர்களின் கோப்புகள் யார் வீட்டில் இருந்தாலும் அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றித்தரும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. இரண்டு, பழைய கணக்கேடுகளைப் படமெடுத்து வைக்க வேண்டும். மூன்று, வாரம் ஒரு மணி நேரம். மென்பொருள் வேலையில் இருக்கும் பிள்ளை ஒருவரும், குறி தெரிந்த பெரியவர் ஒருவரும், பிழை பார்க்க ஒருவரும் சேர்ந்தால் மூன்று பேர் குழு தயார். புரூக்ஸ் கணக்குப்படி மூன்று பேருக்குப் பேச்சுவழி மூன்றுதான்; சண்டைக்கு அதிகம் இடமில்லை.

பெரிய பணம் வேண்டாம், கட்டடம் வேண்டாம். தான் செய்ததை இன்னொருவர் திருத்த இடம் கொடுக்கும் மனம் மட்டும் வேண்டும். அந்த மனம் படைத்த சிலரால்தான் இந்த மலரின் எழுத்து, சித்தூரில் அடித்தாலும் சிட்னியில் திறந்தாலும் ஒரே மாதிரி தெரிகிறது.